மருத்துவமனையிலிருந்து சட்டமன்றத்திற்கு: டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியின் வாழ்வும் பணியும்

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. மருத்துவன் முதலில் நோய் இன்னதென அறிய வேண்டும். பின்னர் அது தோன்றிய காரணத்தை அறிய வேண்டும். அதன்பின் அதனைத் தணிக்கும் வழியைத் தேர்ந்து, நோயாளியின் உடல்நிலைக்கும் காலத்திற்கும் பொருந்தச் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் முறைப்படுத்துகிறார். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளோ மருத்துவம் என்பது மருத்துவர் ஒருவரால் மட்டும் ஆவதன்று, நோயாளி, மருந்து, அருகிருந்து துணைசெய்வோர் ஆகியோரும் கூடி நிகழ்வது என்கிறது. உடல் நோய்க்கு வகுத்த இம்முறையைச் சமுதாய நோய்க்கும் கையாண்டவர் ஒருவர் நம் பகுதிக்கு மிக அண்மையில் பிறந்தார். அவரே டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையார்.

காரைக்குடியிலிருந்து திருமயம் வழியே ஏறத்தாழ 40 கிலோ மீட்டர் சென்றால் புதுக்கோட்டை. இன்று சிவகங்கை, புதுக்கோட்டை என இரு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது செட்டிநாடு. அன்றும் அது ஒரு பகுதி ஆங்கிலேயர் ஆட்சிக்கும் மறு பகுதி தொண்டைமான் மன்னர் ஆட்சிக்கும் உட்பட்டிருந்தது. ஆதலின் அம்மையாரின் வரலாறு நம் மண்ணின் வரலாறே ஆகும். அவ்வாழ்வை வரிசைப்படுத்திக் கூறுவதோடு நில்லாது, மருத்துவப் பயிற்சி அவருடைய சட்டமன்றப் பணியை எவ்வாறு உருவாக்கியது என்பதையும், அதனின்று நாம் கொள்ளத்தக்கது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

முத்துலெட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபினர். கோயிற்பணிக்குப் பெண்களை நேர்ந்து விடும் வழக்கத்தோடு தொடர்புடைய மரபு அது. பிற்காலத்தில் அம்மையார் எந்த வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டாரோ, அதன் துயரைத் தம் தாய்வழி உறவினரிடையே அருகிருந்து கண்டவர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

பெண் பருவமெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்திவிடும் காலம் அது. தாயார் மகளுக்குத் திருமணம் செய்துவிடவே விரும்பினார். தந்தையாரோ வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்து மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு ஆயத்தம் செய்தார். தேர்வில் வெற்றி பெற்ற பின்னர், ஆடவர் மட்டுமே பயின்று வந்த மகாராஜா கல்லூரியில் அவர் இடம் கேட்டார். ஒரு பெண் உடனிருந்து பயின்றால் இளைஞர் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. பெற்றோர் சிலரும் ஆசிரியர் சிலரும் மறுத்து நின்றனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது அனுமதி வழங்கினார், உதவித்தொகையும் அளித்தார். ஒரு தந்தையின் உறுதியும் ஒரு மன்னரின் ஆணையும் ஒருங்கே அமைந்ததனாலேயே அக்கதவு திறந்தது. திறமை மட்டும் இருந்து அவ்விரண்டும் இல்லாதிருந்த பெண்கள் எத்தனை பேர் அக்கதவின் வெளியே நின்றனரோ!

1907இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் பதக்கங்களும் பரிசுகளும் பெற்றுச் சிறப்புடன் பட்டம் பெற்றார். எழும்பூரிலிருந்த அரசு மகப்பேறு மருத்துவமனையில் ‘ஹவுஸ் சர்ஜன்’ பொறுப்பேற்ற முதற்பெண் என்னும் பெருமையும் அவர்க்கு வாய்த்தது.

‘முதல்’ என்னும் சொல்

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் மாணவர்க்குப் பயன் தரும். அம்மையாரை ‘இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்’ என்று மேடைகளில் கூறுவதுண்டு. அது வரலாற்றோடு பொருந்தாது. ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றது 1886ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில். அதாவது முத்துலெட்சுமி அம்மையார் பிறப்பதற்குச் சில திங்கள்கள் முன்னர். அதே ஆண்டில் கல்கத்தாவில் காதம்பினி கங்குலி மருத்துவக் கல்வியை நிறைவு செய்தார். சென்னை மருத்துவக் கல்லூரியே 1875இல் மேரி ஷார்லீப் முதலான பெண்களைச் சேர்த்துக்கொண்டதாகும்.

சட்டமன்றத்தைப் பற்றிய கூற்றிலும் இத்தகைய கவனம் தேவை. சமஸ்தானமாகிய திருவிதாங்கூரின் சட்டமன்றத்தில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அவருக்கு முன்னரே நியமனம் பெற்றிருந்தார், அவரும் மருத்துவரே. ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மாகாணங்களில் சட்டமன்ற உறுப்பினரான முதற்பெண் முத்துலெட்சுமி அம்மையார் என்பதே சரியான கூற்று. ஒருவரை உயர்த்துவதற்காக மற்றவரை மறைத்தல் ஆகாது. அம்மையாரின் பெருமை ‘முதல்’ என்னும் ஒற்றைச் சொல்லில் அடங்குவதுமன்று.

நிபந்தனையோடு கூடிய திருமணம்

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை அவர் மணந்தார். சாதி கடந்த அத்திருமணம் பிரம்ம சமாஜத்தாரின் பொருட்டு இயற்றப்பட்ட 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடைபெற்றது. தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாது என்னும் நிபந்தனைகளை அம்மையார் விதித்தார். மணமகன் அவற்றை ஏற்றார். இது அன்றைய தமிழ்ச் சமுதாயத்திற்குப் புதுமையாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் நம் இஸ்லாமிய மரபில் நிக்காஹ் என்பதே ஓர் ஒப்பந்தம். மணமகளின் சம்மதம் அதற்கு இன்றியமையாதது. அவள் நிபந்தனை விதிக்கவும் இடமுண்டு. ஏட்டில் உள்ள அவ்வுரிமையை நம் வீடுகளில் எத்துணைப் பெண்கள் அறிந்திருக்கின்றனர் என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகும்.

சட்டமன்றம் புகுதல்

1917இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசன்ட், டாரதி ஜினராஜதாசர் முதலியோர் அதன் முன்னோடிகள். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பது அச்சங்கத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் அவ்வுரிமையை வழங்கியது. சொத்துத் தகுதியுடையோர்க்கே வாக்கு என்பதால் அது மிகச் சிலருக்கே கிட்டியது என்பதையும் மறத்தலாகாது. 1926இல் பெண்கள் உறுப்பினராகவும் வழி பிறந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாயர் சிறிதளவு வாக்குகளில் வெற்றியை இழந்தார்.

மேற்படிப்பின் பொருட்டு 1925இல் இங்கிலாந்து சென்ற அம்மையார், 1926இல் பாரிஸ் நகரில் கூடிய உலகப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டிலும் கலந்துகொண்டார். தாயகம் திரும்பியதும் மாதர் சங்கத்தின் முயற்சியால் சட்டமன்றத்திற்கு அவர் நியமிக்கப்பட்டார். மருத்துவப் பணிக்கு இடையூறாகும் என்று முதலில் தயங்கியே பின்னர் அதனை ஏற்றார். 1927இல் அவரை அவையின் துணைத்தலைவராக உறுப்பினர்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தனர். சட்டமன்றம் ஒன்றில் அப்பொறுப்பை வகித்த உலகின் முதற்பெண் என்று அவர் போற்றப்படுகிறார்.

மருத்துவர் பார்வையில் சட்டம்

அவையில் அவர் எழுப்பிய பொருள்களை உற்று நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். மகப்பேற்று மருத்துவமனையில் அவர் கண்டவை என்னென்ன? உடல் முதிராத சிறுமியர் தாயாகி மாள்வதைக் கண்டார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவ வசதி இன்மையைக் கண்டார். நோய் முற்றிய பின்னரே மக்கள் மருத்துவரை நாடுவதைக் கண்டார். கண்ட ஒவ்வொன்றும் அவையில் ஒரு தீர்மானமாயிற்று. குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். திருமண வயது ஆணுக்கு 21, பெண்ணுக்கு 16 என்றேனும் உயர்த்தப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றே வரையறுத்தது. அம்மையார் கேட்டது அதனினும் மிகுதி என்பது கருதத்தக்கது.

படுக்கையில் கிடக்கும் ஒருத்திக்கு மருந்து கொடுப்பது மருத்துவம். அப்படுக்கைக்கு அவளைக் கொண்டுவந்து சேர்த்த வழக்கத்தை மாற்றுவதும் மருத்துவமே என்று அவர் கருதினார். மருத்துவர் சட்டமன்றம் புகுந்ததன் பொருள் இதுதான்.

கோயிற்பணிக்கு நேர்ந்துவிடும் வழக்கம்

அவருடைய பணிகளுள் பெரிதும் பேசப்படுவது தேவதாசி முறை ஒழிப்பாகும். 1927ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வழக்கத்தைத் தடுக்கக் கோரும் தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். சமயத்திலும் மரபிலும் அரசு தலையிடலாமா என்று எதிர்ப்பு எழுந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்ற நாவன்மை மிக்கோரே எதிரணியில் நின்றனர்.

இங்கேதான் அவருடைய அணுகுமுறையின் நுட்பத்தைக் காண்கிறோம். அப்பெண்கள் அவ்வழக்கத்தை விட்டு எளிதில் வெளியேற இயலாமைக்குக் காரணம் யாது? கோயிற்பணிக்கு ஈடாக அவர்கள் குடும்பத்திற்கு மானிய நிலம் இருந்தது. பணியை விட்டால் நிலமும் போய்விடும். நிலம் போனால் வாழ்வு போய்விடும். வெறும் தடைச்சட்டம் அவர்களைத் தெருவில் நிறுத்தும். ஆதலின் 1928இல் அவர் கொண்டுவந்த மசோதா, நிலத்தையும் பணியையும் பிணைத்திருந்த கட்டை முதலில் அறுத்தது. 1929இல் சட்டமான அத்திருத்தத்தின்படி, கோயிலுக்குரிய ஒரு தொகையைச் செலுத்தி நிலத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம். பணி செய்ய வேண்டிய கட்டாயமில்லை. நோயின் காரணத்தை நாடிய மருத்துவம் இதுவன்றோ!

நேர்ந்துவிடுதலையே தடை செய்யும் மசோதாவை 1930இல் அவர் முன்வைத்தார். அது சட்டமாக 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் அது நிறைவேறியது. இடைப்பட்ட காலத்தில் அவையின் வெளியே போராடியோர் பலர். அவர்களுள் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். தாமே அவ்வழக்கத்தின் துயரை அறிந்த அவர், 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் புதினத்தை வெளியிட்டு ஊர்தோறும் கருத்துப் பரப்பினார்.

மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். அக்குலப் பெண்களுள் ஒரு சாரார் இச்சட்டத்தை எதிர்த்து அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினர். தாங்கள் கற்றவர்கள், கலை வல்லவர்கள், சொத்துரிமை உடையவர்கள் என்றும், அனைவரையும் ஒரே கண்கொண்டு நோக்குதல் முறையன்று என்றும் வாதிட்டனர். சதிராட்டம் பரதநாட்டியம் என்னும் பெயரோடு மேல்தட்டு மேடைகளில் ஏறியபோது, தலைமுறைகளாக அதனைக் காத்த குடும்பங்கள் பல அம்மேடையில் இடம் பெறவில்லை என்று பின்வந்த ஆய்வாளர்களும் எழுதியுள்ளனர். இவ்வாதத்தில் உண்மையுண்டு. அதற்காக, அறியாப் பருவத்துச் சிறுமியை அவள் விருப்பம் கேளாது நேர்ந்துவிட்ட கொடுமையை நாம் நியாயப்படுத்த இயலாது. நோயை நீக்கும் மருந்து உடம்பின் நல்ல கூறொன்றையும் தாக்குமாயின், மருந்தே வேண்டா என்பது தீர்வாகாது. இழந்ததை ஈடு செய்யும் துணைமருந்தை உடன் அளிப்பதே தீர்வாகும். அத்துணைமருந்தைச் சமுதாயம் போதிய அளவில் அளிக்கவில்லை. அக்குறை சமுதாயத்தினது.

முஸ்லிம் பெண்கல்வியும் அம்மையாரும்

நம் கல்லூரியின் மலரில் தனித்துக் கூறவேண்டிய செய்தி ஒன்றுண்டு. முஸ்லிம் மாணவியர்க்கு விடுதி வேண்டும் என்பதில் அம்மையார் அக்கறை காட்டினார். அவர் உறுப்பினராயிருந்த காலத்தில் அத்தகைய விடுதி திறக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிடைக்கவும் அவர் வழிசெய்தார். சர் பிலிப் ஹார்டாக் தலைமையில் 1928இல் அமைந்த கல்விக் குழுவில் உறுப்பினராக இருந்து பெண்கல்வியின் நிலையை ஆராய்ந்தவரும் அவரே.

விடுதியை ஏன் அவர் முதன்மைப்படுத்தினார்? பள்ளி தொலைவில் இருக்கிறது. பாதுகாப்பான தங்குமிடம் இல்லை. ஆதலின் பெண் படிப்பை நிறுத்துகிறாள். ‘எங்கள் பெண்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை’ என்று பிறர் கூறியதை நோயாகக் கண்டவர், தங்குமிடம் இன்மையைக் காரணமாகக் கண்டார். நாட்டமின்மை அன்று, வசதியின்மையே என்பது அவர் முடிபு.

கல்வி தேடுதல் கடமை என்று வலியுறுத்திய மார்க்கம் நம்முடையது. அதே காலத்தில் போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகம் 1920இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரானார். 1928இல் தில்லியில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அம்மாநாட்டின் தலைமைப் பொறுப்பை முத்துலெட்சுமி அம்மையார் 1931இல் ஏற்றார். வடக்கே ஒரு முஸ்லிம் அரசியும் தெற்கே ஒரு தமிழ் மருத்துவரும் ஒரே மேடையின் தலைமையைச் சில ஆண்டு இடைவெளியில் வகித்தனர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

பதவி துறத்தலும் ஒளவை இல்லமும்

1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தையொட்டிக் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அம்மையார் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளே அவர் அவையில் இருந்தார். அவ்வனுபவங்களை ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் எழுதினார்.

பதவி போயிற்று, பணி நிற்கவில்லை. அவ்வாண்டே, நேர்ந்துவிடுதலுக்கு அஞ்சிய இளம்பெண்கள் சிலர் அவரிடம் அடைக்கலம் தேடி வந்தனர். அவர்கள் பிறந்த குலம் காரணமாக விடுதிகளில் அவர்களுக்கு மதிப்பான இடம் கிட்டவில்லை. சட்டம் இயற்றினால் போதாது, அச்சட்டத்தை நம்பி வெளியே வருபவளுக்கு ஒரு கூரை வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. ஒளவை இல்லம் அவ்வாறு பிறந்தது. ஆதரவற்ற பெண்கள் சாதி வேறுபாடின்றி அங்கே தங்கிக் கல்வியும் தொழிலும் கற்றனர். ‘அருகிருந்து துணைசெய்வோர்’ என்று வள்ளுவர் கூறிய உறுப்பு இதுவேயாம்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை

அம்மையாரின் தங்கையார் புற்றுநோயால் இளமையிலேயே இறந்தார். நோய் இன்னதென உரிய காலத்தில் கண்டறியப்படாமையே அதற்குக் காரணமாயிற்று. அத்துயரை அவர் தம் வீட்டுத் துயராக மட்டும் கொள்ளவில்லை. புற்றுநோய் என்றாலே சாவு என்று மருத்துவர்களே கைவிட்ட காலத்தில், அதற்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் வலியுறுத்தினார். அரசும் அறிஞர்களும் உடனே இசையவில்லை. 1952இல் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார்; 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு வயது 67. அவர்தம் மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் இணைந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை நாடறிந்த நிறுவனமாக வளர்த்தனர். 2021இல் மறையும் வரை டாக்டர் சாந்தா அங்கேயே வாழ்ந்து பணியாற்றினார்.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலெட்சுமி அம்மையார், 1968 ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். ஏழைக் கருவுற்ற தாய்மார்க்குத் தமிழக அரசு 1987இல் தொடங்கிய நிதியுதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றைப் படித்துக் கைதட்டிப் பிரிவது எளிது. நம் பகுதியின் நிலையை அவ்வளவுகோலால் அளத்தலே கடினம். 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களுள் பெண்கள் வென்றவை 12 மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2023இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முதற்பெண் அவை புகுந்து ஒரு நூற்றாண்டு நெருங்கியபோதும் நிலை இதுவே.

நம் வகுப்பறைகளுக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும் மேற்படிப்புக்கு வராத பெண்பிள்ளைகளை நம் ஊர்கள் ஒவ்வொன்றிலும் காணலாம். கேட்டால், பேருந்து வசதி இல்லை என்பர். வெளியூரில் தங்க வைக்க அச்சம் என்பர். நல்ல சம்பந்தம் வந்துவிட்டது என்பர். இவை உண்மையான காரணங்களே. எவரையும் பழிப்பதற்காக நாம் கூறவில்லை. ஆனால் காரணம் தெரிந்த பின் மருந்து தேடாதிருத்தல் முறையாமோ? செட்டிநாட்டு வள்ளல்கள் கல்விக்கு வாரி வழங்கியதையும், அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி கண்டதையும் நாம் அறிவோம். நம் சமுதாயப் பெரியோர்களும் பள்ளிவாசல் ஜமாஅத்துகளும் ஒன்றுகூடின், ஒரு பெண்கள் விடுதியோ, ஒரு பேருந்தோ, திருமணத்தின் பின்னும் படிப்பைத் தொடரலாம் என்னும் ஓர் ஊர்க் கட்டுப்பாடோ அமைத்தல் இயலாத செயலன்று.

முடிவுரை

டாக்டர் முத்துலெட்சுமி அம்மையார் நோயைக் கண்டார், காரணத்தை நாடினார், தீர்வைச் சட்டமாக்கினார், சட்டம் எட்டாத இடத்தில் இல்லம் அமைத்தார், தம் வீட்டுச் சாவை நாட்டுக்கு மருத்துவமனையாக்கினார். அவர்க்கு ஒரு தந்தையும் ஒரு மன்னரும் கதவைத் திறந்தனர். இன்று மன்னர்கள் இல்லை. தந்தையரும், ஆசிரியரும், ஊர்ப் பெரியோரும் இருக்கின்றோம். நம் ஊரின் முத்துலெட்சுமி எந்த வீட்டில், எந்தச் சமயத்தில் பிறந்திருப்பினும், கல்லூரி வாயிலில் அவளை நிறுத்தி வைக்கும் கை நம் கையாக இராதிருத்தலே இவ்வரலாற்றைக் கற்றதன் பயனாகும்.